அவர் தூங்கும்போது எனக்குக் கேட்டது

என் வீட்டுக்காரர் குறட்டை விடுவார். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நானும் பல வருஷம் சிரித்தவள்தான். குறட்டை விடுகிற ஆம்பளையைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? எனக்குப் பயம் குறட்டையைக் கேட்டு இல்லை. குறட்டைக்கு நடுவில் ஓர் அமைதி வரும். என் பயமெல்லாம் அதைக் கேட்டுத்தான். இப்போது அவர் தேறிவிட்டார், வேலைக்குப் போகிறார், அதனால் உட்கார்ந்து எழுத முடிகிறது. இதே சத்தம் கேட்கிற வீட்டில் யாராவது இதைப் படித்துவிட்டு, சிரிப்பை நிறுத்திக் கொஞ்ச நேரம் காது கொடுத்தால் போதும்.

எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "எழுதிக்கோ. ஆனா என் பேர மாத்திடு" என்றார். மாற்றிவிட்டேன். அவர் சகாயம், நான் எஸ்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசையில், எங்கள் வீடு. அவருக்கு ஃபேக்டரியில் இரவு வேலை. சாயங்காலம் லாரியில் வந்து இறங்கும் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறி ஓடவிட்டு, விடியும்வரை வாட்டவேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் வேலைக்குக் கிளம்பும்போது படுக்கிற பிழைப்பு. அதனால்தான் மற்ற பெண்டாட்டிகள் தூக்கக் கலக்கத்தில் தவறவிடுவது எனக்குப் பட்டப்பகலில் கேட்டது. பூப்பண்ணையில் காலை வேலை முடித்து நான் வீடு திரும்பும்போது, வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சத்தம் வரும். பக்கத்து வீட்டு மாரியக்கா, "உன் ஆளு ஜெனரேட்டர ஓடவிட்டுட்டாரு லா" என்பாள். நானும் சிரித்துக்கொண்டே சோறு வைப்பேன்.

ஒரு மதியம் மழையில் கரண்டு போய்விட்டது. லயத்தில் ஒரு வீட்டிலும் டிவி ஓடவில்லை, பாட்டு இல்லை. அன்றுதான் சரியாகக் கேட்டேன். குறட்டை ஏறி ஏறி வந்து ஒரு இடத்தில் சட்டென்று நின்றது. அப்பாடா என்று இருந்தது. பிறகுதான் அந்த அமைதி நீளுகிறதே என்று தோன்றியது. எட்டிப் பார்த்தேன். நெஞ்சு எழுந்து தாழ்கிறது, வயிறு உதறுகிறது, ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் படவில்லை. உதடு கறுத்து வந்தது. நான் கத்துவதற்குள், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவர் மாதிரி ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி குறட்டை. மறுபடி அமைதி. சமையலை விட்டுவிட்டுக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எழுப்பிச் சொன்னால், "நல்லாத்தான தூங்குனேன்" என்றார். நல்லாத் தூங்கினவர் தலைவலியோடு எழுந்தார். அதற்கு முன்னாலேயே ஆள் மாறிக்கொண்டு வந்தது இப்போது புரிந்தது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார், சொன்னதை மறப்பார். எங்கள் சபைக் கோயிலில் காணிக்கைப் பையைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிவிட்டார். பாட்டு முடிந்துவிட்டது, பை நகரவில்லை. பிள்ளைகள் எல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஃபேக்டரியில் ஒரு தொட்டிப் பக்கத்திலேயே தூங்கிப்போய், கொழுந்து சூடேறிக் கருகிவிட்டது. தோட்டத்து எழுத்தர், கிராணி என்போம், கூப்பிட்டு, "இன்னொரு தடவ இப்படி நடந்தா மேல போயிரும் சகாயம், நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பினார்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை மேல் மாத்திரை சேர்த்தும் இறங்கவில்லை. கிளினிக்கில் இருந்த சீன டாக்டர் பையன், வயசு அதிகம் இருக்காது, அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: இவர் தூங்கும்போது எப்படி இருக்கிறார்? நான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்து அவர் கழுத்துப் பருமனை அளந்தான். கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தான். ஒருவர் சிரிக்காமல் கேட்டதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கே ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து அனுப்பினார்கள். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப். வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் போட்டுக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். அவருக்கு வழக்கமான நேரம் காலை. வெயில் அடிக்கும்போது ஒயர்களோடு படுத்தவரை எட்டிப் பார்க்க லயத்துப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கின. விரட்டிவிட்டேன். திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்ததும் டாக்டர் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: தூக்க மூச்சுத்திணறல், அதிலும் கடுமையானது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தூங்கும்போது உடம்பெல்லாம் தளரும், தொண்டையும் தளரும். சிலருக்குத் தொண்டைச் சதை தளர்ந்து நாக்கோடு சேர்ந்து காற்று போகிற வழியை அடைத்துவிடும். நெஞ்சு இழுத்துப் பார்க்கும், காற்று வராது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பயந்துபோய் ஆளை உலுக்கும். அவர் முழுசாக விழிக்கமாட்டார், ஆனால் தூக்கம் கலைந்து தொண்டை திறக்கும். ஒரே தூக்கத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கும். படுத்திருந்ததெல்லாம் கணக்கில்தான் தூக்கம், உடம்புக்கு ஒரு பொட்டு ஓய்வு இல்லை. ஒவ்வொரு தடவையும் இதயம் பதறி அடிக்கும், அழுத்தம் ஏறும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் இதயம் கெடும், சர்க்கரை கட்டுப்படாது, பக்கவாதம் வரலாம். மாத்திரைக்கு ஏன் அழுத்தம் இறங்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

வைத்தியம் ஒரு மெஷின். மூக்கில் முகமூடி மாட்டி, சின்னப் பெட்டியிலிருந்து காற்றை ஒரே சீராக ஊதும். அது ஆக்சிஜன் இல்லை, நாம் மூச்சு விடுகிற காற்றுதான். அந்தக் காற்றின் அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் திறந்து வைத்திருக்கும். அவ்வளவே. சொந்தமாக வாங்குவது எங்களால் ஆகிற காரியம் இல்லை, ஆஸ்பத்திரி ஒன்றை இரவலாகக் கொடுத்தது. முதல் சில நாள் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். பிறகு பழகியது. எங்கள் மகள் ரூத் ஐந்தாம் பாரம் படிக்கிறாள். பள்ளிவிட்டு வந்ததும் யாரும் சொல்லாமலே முகமூடியைக் கழுவிக் காயவைப்பாள். "பைலட் சார், உங்க மாஸ்க் ரெடி" என்பாள். ஒரு மாதத்தில் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. தலைவலி போனது. எரிச்சல் போனது. ஒரு சாயங்காலம் நான் பூப்பண்ணையில் நடந்த கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன், கடைசிவரைக்கும் கேட்டார். அதற்கே நான் மயங்கிப்போனேன்.

அப்போதுதான் பியூலா அண்ணி வந்தார். என் வீட்டுக்காரருடைய அக்கா. ரிங்லெட்டில் தனியாக இருக்கிறார், விதவை. எங்கள் சபையில் ஜெபக்குழுவை நடத்துகிறவர். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ரூத் பிறந்தபோது எனக்குப் பத்தியச் சோறு வடித்துப் போட்டு, துணி துவைத்து, ராப்பகலாகப் பார்த்துக்கொண்டவர். தம்பி மூக்கில் குழாயோடு படுத்திருப்பதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். "காலம் பூரா இதப் போட்டுக்கிட்டா கெடக்கணும்? நான் உபவாசம் இருந்து கேக்குறேன்" என்றார்.

சொன்னபடி இருந்தார். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபம் வைத்தோம். போதகர் வந்தார், ஜெபக்குழு வந்தது. நானும் முழங்காலில் நின்றேன், முழு மனதோடுதான் நின்றேன். போதகர் அவர் தொண்டையில் எண்ணெய் தொட்டு வைத்து ஜெபித்தார். முடிந்ததும் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் முந்தின இரவு வேலைக்களைப்பு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையை முன்னால் சாய்த்துத் தூங்கிவிட்டார். மெஷின் இல்லை. சத்தம் இல்லை. அத்தனை பேரும் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாத்தியா எஸ்தரு, மூச்சுச் சத்தமே இல்ல" என்று அண்ணி என் காதில் சொன்னார். அண்ணி கன்னத்தில் கண்ணீர். நானும் நம்பினேன். உட்கார்ந்து தூங்கும்போது நாக்கு பின்னால் விழாது, மல்லாந்தால்தான் அடைக்கும் என்பதெல்லாம் எனக்குப் பிறகு சொல்லப்பட்ட சங்கதி.

மறுநாள் ஆராதனையில் சாட்சி நேரம். எங்கள் சபைக்கு வராதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்வது. சொன்ன பிறகு அது அவருடைய வார்த்தை மட்டும் இல்லை, சபையே அதைச் சுமக்கும். என் வீட்டுக்காரர் எழுந்தார். "எனக்குத் தூக்கத்துல மூச்சு நின்னுக்கிட்டு இருந்துச்சு. கர்த்தர் என்னை விடுவிச்சுட்டார்" என்றார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. கோலா தெர்லாவில் காய்கறி பயிரிடும் ஒரு குடும்பம் அந்தச் சாட்சியைக் கேட்டுச் சபையில் சேர்ந்தது. அன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் மெஷினைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

நாற்காலித் தூக்கம் ஒரு நாளுக்குத்தான். கட்டிலில் மல்லாந்து படுத்த அன்றே சத்தம் திரும்பிவிட்டது, சத்தத்தோடு அமைதியும். சொன்னேன். கேட்கவில்லை. கெஞ்சினேன். "நான் சாட்சி சொல்லிட்டேன் எஸ்தரு. இப்ப மறுபடி அத மூஞ்சில மாட்டுனா நான் சொன்னது என்ன ஆகும்? அந்தக் கோலா தெர்லா ஆளுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார். "மூச்சு நின்னா அவங்க வந்து ஊதுவாங்களா?" என்று கேட்டேன். பிறகு ரெண்டு நாள் பேச்சு இல்லை. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கும் போகமாட்டேன் என்றுவிட்டார். மதியமெல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நின்றபோதெல்லாம் தோளைத் தட்டிப் புரட்டி விடுவேன். பூப்பண்ணையில் பூவை வெட்டும்போதும் எனக்குக் காதில் அந்த அமைதிதான். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் புருஷன் பொய் சொல்லிவிட்டார் என்று ஆகும். நானே அவிசுவாசி என்று ஆகும். கோபத்தைப் பாத்திரத்தில் காட்டினேன், ரெண்டு தட்டு உடைந்தது.

இப்படி இருக்கும்போது அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்தது. சுருண்டு விழுந்தார். பித்தப்பையில் கல், அதில் சீழ் பிடித்திருக்கிறது என்றார்கள். ஆம்புலன்சில் ஏற்றி வளைவு வளைவாக மலையை விட்டு இறக்கினார்கள். போன இடம் வேறு ஆஸ்பத்திரி. முன்பு தூக்கத்துக்குப் பார்த்த இடத்துக் காகிதம் ஒன்றும் அங்கே கிடையாது. நானும் முதல் நாட்களில் வலி, காய்ச்சல், ட்ரிப் என்று அதிலேயே கிடந்து, மெஷின் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மருந்தில் காய்ச்சல் இறங்கியதும் மறுநாள் ஆபரேஷன் என்று முடிவு செய்தார்கள்.

பார்வை நேரத்தில் அண்ணியும் போதகரும் ஜெபக்குழுவில் சிலரும் அவ்வளவு தூரம் இறங்கி வந்திருந்தார்கள். எனக்கு இட்லியும், மாற்றுத் துணியும், ஒரு சின்னத் தலையணையும் அண்ணி கொண்டுவந்திருந்தார். "நாற்காலியிலயே கெடக்குறியே, கழுத்து என்னத்துக்கு ஆகும்" என்றார். கட்டிலைச் சுற்றி நின்று பாடி ஜெபித்து முடித்த நேரம். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்தார். மலாய்க்காரப் பெண், தட்டையான செருப்பு, களைத்த முகம். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வாமை உண்டா? பல் ஆடுகிறதா? முன்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறதா? கடைசியில் கேட்டார், தூக்கத்தில் குறட்டை உண்டா, மூச்சு நின்றதை யாராவது பார்த்திருக்கிறார்களா?

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. போதகரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "தக் அடா, டாக்டர்" என்றார். இல்லை என்று அர்த்தம்.

டாக்டர் அவர் கழுத்தைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார். எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "புவான், நீங்கதானே பக்கத்தில் படுக்கிறது? நீங்க சொல்லுங்க" என்று மலாயில் கேட்டார். அத்தனை கண்ணும் என்மேல். அவர் கண்ணும். அந்தக் கண் கெஞ்சியது, எஸ்தரு வேண்டாம் என்று. இத்தனை வருஷத்தில் அவரை நாலு பேர் முன்னால் நான் விட்டுக்கொடுத்ததில்லை. வீட்டில் எவ்வளவு கத்தினாலும் வெளியில் கத்தினதில்லை. டாக்டர் அவசரப்படவில்லை, நின்றார்.

"நிக்குது, டாக்டர்" என்றேன். "தினமும் நிக்குது. உதடு கறுத்துப்போகுது. டெஸ்ட் எடுத்திருக்கு, ரொம்ப மோசம்னு சொன்னாங்க. மெஷின் கொடுத்திருக்காங்க. அது வீட்ல கட்டிலுக்கு அடியில கெடக்கு. இவரு போடுறதில்ல." மலாயில் ஆரம்பித்துத் தமிழில் போய் முடிந்தது. பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் மிச்சத்தை எடுத்துச் சொன்னாள்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "கர்த்தர் செஞ்சத உன் வாயால கெடுத்துட்டியேடி" என்றார் மெதுவாக. போய்விட்டார். அந்தத் தலையணை என் நாற்காலியில் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, பொறுமையாகச் சொன்னார். சாதாரணத் தூக்கத்தில் மூச்சு அடைத்தால் மூளை உலுக்கி எழுப்பும். மயக்க மருந்தும் வலி மருந்தும் தொண்டையை இன்னும் தளர்த்தும், எழுப்புகிற மூளையையும் மந்தமாக்கும். ஆபரேஷன் முடிந்து, மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட குழாயை எடுத்த பிறகுதான் ஆபத்து அதிகம். இப்போது தெரிந்துவிட்டதால் மருந்தை மாற்றுவோம், வலிக்கு அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போகிற ஊசி போடுவோம், வார்டுக்கு அனுப்பாமல் கூடவே ஆள் இருந்து பார்க்கிற அறையில் வைத்துக்கொள்வோம். அவருடைய மெஷினும் அவர் முகத்துக்குப் பழகின முகமூடியும் காலைக்குள் வருமா? வரும் என்றேன். எப்படி வரும் என்று எனக்கே தெரியவில்லை.

போதகர் வராந்தாவில் நின்றிருந்தார். "ஏம்மா, முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். எனக்கு வந்ததே கோபம். "கைதட்டுனப்ப யாராவது என்னக் கேட்டீங்களா ஐயரே? அவரு பக்கத்துல படுக்குறவ நானு" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு போய் எனக்கு ஒரு பாக்கெட் பாலும் ரொட்டியும் வாங்கிவந்து கொடுத்துவிட்டு, ராத்திரி தங்க இடம் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். அதை மறக்கமாட்டேன்.

ரூத்துக்குப் போன் அடித்தேன். அவள் மாரியக்காவைக் கூப்பிட, மாரியக்கா தன் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் பிரிஞ்சாங்கிலிருந்து கீழே மொத்த மார்க்கெட்டுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப்போகிற லாரி ஓட்டுகிறவன். விடிகிற நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் லாரி வந்து நின்றது. இருக்கையில் ரூத் பெட்டியை மடியில் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள், உடம்பெல்லாம் முட்டைக்கோஸ் வாசம். "முகமூடியக் கழுவிட்டேம்மா" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே அழுதேன்.

அவரைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். நான் கையைப் பிடித்தேன், இழுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உள்ளே போகிற வரைக்கும் என்னைப் பார்க்கவே இல்லை. கடைசியாகப் பார்த்துக்கொண்டது இப்படியா ஆகவேண்டும் என்று நினைத்து நினைத்து மாய்ந்தேன். வெளியே பெஞ்சில் ரூத் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் மூச்சையும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பைத்தியக்காரி மாதிரி. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பேன், வேறு யாரையோ கூப்பிடுவார்கள், உட்காருவேன். ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று ஒரு நர்ஸ் வந்து சொன்ன பிறகும் வெகு நேரம் அவரைக் காட்டவில்லை. "மூச்சு விடுறாரா?" என்று கேட்டேன். "டாக்டர் கூடவே இருக்காங்க" என்றாள். அது என் கேள்விக்குப் பதில் இல்லை.

மதியம் தாண்டித்தான் அந்த டாக்டர் வெளியே வந்தார், தொப்பியைக் கழற்றிக்கொண்டே. குழாயை எடுத்ததும் மூச்சு நின்றது என்றார். ஒரு தடவை இல்லை. எதிர்பார்த்து நின்றதால் தாடையைத் தூக்கி உடனே முகமூடியைப் போட்டார்கள், மெஷினில் நன்றாக இருக்கிறார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா, வலி மருந்தைக் கொடுத்து சாதாரண வார்டுக்கு அனுப்பியிருப்போம். அமைதியாகப் படுத்திருப்பார். நல்லாத் தூங்குறார்னுதான் எல்லோரும் நினைச்சிருப்போம்" என்றார்.

கண் விழித்து, மெஷினை எடுத்த பிறகும் அவர் என்னோடு பேசவில்லை. கஞ்சியை ஊட்டினால் வாங்கிக்கொள்வார். ரூத்திடம் பேசுவார். எனக்கு வாயைத் திறக்கமாட்டார். வீட்டுக்குக் கிளம்புகிற அன்று, நான் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"என்ன எல்லார் முன்னாலயும் பொய்யனாக்கிட்ட."

"ஆமா, ஆக்கிட்டேன்" என்றேன். "பொய்யனா இருந்தாலும் வீட்டுக்கு வர்றீங்கல்ல. நல்லவராவே போயிருந்தா நான் யார்கிட்ட சண்ட போடுறது?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த அன்று படுக்கும்போது, "அத எடு" என்றார். அன்றிலிருந்து மாட்டாமல் தூங்கினதில்லை. சாட்சியை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. சபையில் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது, இப்போது விட்டுவிட்டேன். மூச்சு வந்தால் போதும் எனக்கு.

அண்ணி மட்டும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு முன்வரிசையில் இருந்துகொண்டே முகம் கொடுக்கவில்லை. என் தாய் மாதிரி இருந்தவர். அவர் சொன்ன வார்த்தை எனக்குள் கிடந்து அறுத்துக்கொண்டே இருந்தது. நான் செய்தது சரி என்று தெரிந்தும் அறுத்தது.

ஒரு மதியம் அவரே வந்தார். தம்பி தூங்குகிற அறையை எட்டிப் பார்த்தார். மெஷின் சன்னமாக ஊதிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினார். நான் தேத்தண்ணி கலக்கினேன். "பசியாறிட்டீங்களா அண்ணி?" என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது.

"எஸ்தரு, எனக்குக் காலையில எந்திரிச்சா தலை கனக்குது" என்றார். "கொஞ்ச நாளா இல்ல, ரொம்ப நாளா. ஜெபத்துக்கு முழங்கால் போட்டா அப்படியே தூங்கிடுறேன். எல்லாரும் நான் பரிசுத்த ஆவியில நெறஞ்சு கெடக்கேன்னு நெனச்சுக்கிட்டு, தொடாம காத்திருக்காங்க. நான் தூங்குறேன் லா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

"அவனுக்குப் பக்கத்துல நீ இருந்த" என்றார். "எனக்கு யாரு இருக்கா? அவரு போனதுலேருந்து தனியாத்தான படுக்குறேன். நின்னாலும் யாருக்குத் தெரியும்? அதனால இன்னைக்கு இங்க படுக்குறேன். நீ பக்கத்துல உக்காந்து கேளு. யார்கிட்டயும் சொல்லாத."

ரூத்தின் கட்டிலில் படுத்தார். கம்பளியை நான் போர்த்திவிட்டேன். படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனார், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சின்னக் குறட்டை, பெண்பிள்ளைக் குறட்டை. நிற்கக் கூடாது ஆண்டவரே, இவருக்கும் வேண்டாம் என்று வாய்விட்டே கேட்டேன். குறட்டை ஏறியது. நின்றது. கம்பளிக்குள் நெஞ்சு இழுத்துக்கொண்டு கிடந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வந்தது. ஒருவேளை தற்செயலாக இருக்கும் என்று மறுபடி காத்திருந்தேன். மறுபடி நின்றது.

அப்படி ஒரு இழுப்பில் தானாகவே கண்ணைத் திறந்துவிட்டார். கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நின்னுச்சா?"

ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் சொல்ல முடிந்தது. இங்கே நாங்கள் ரெண்டு பேர்தான், எனக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லி அவரைச் சந்தோஷமாக ரிங்லெட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

"நின்னுச்சு அண்ணி" என்றேன்.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் கையைத் தேடிப் பிடித்தார்.

"தெரியும்" என்றார். "நீ மறைக்க மாட்ட. அதான் வேற யார்கிட்டயும் போகல."